விடுவதா, ஓட்டுவதா? நம் வாசலுக்கு வந்த கப்சாயின் கதை

"அந்த மோட்டார வித்துடுய்யா" என்று அம்மா சொல்வதும், "வித்துட்டு வேலைக்கு எதுலம்மா போறது?" என்று மகன் கேட்பதும் மலேசியத் தமிழர் வீடுகளில் புதிதல்ல. நெடுஞ்சாலையில் யாரோ ஒருவர் லாரியில் மோதி மாண்டார் என்ற செய்தி வந்த மறுநாள் இந்தப் பேச்சு எழும். இரண்டு வாரத்தில் அடங்கும். அடுத்த விபத்தில் மீண்டும் எழும். கருத்தரங்கு மேடைகளில் இதே கேள்வி வைக்கப்படும்போது பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: இளைஞர்களுக்குப் பொறுப்பு வேண்டும், வேகம் கூடாது, பெற்றோர் கண்டிக்க வேண்டும். இவற்றை மறுப்பார் யாருமில்லை. ஆனால், அந்த மோட்டார் நம் வீட்டு வாசலுக்கு எப்படி வந்தது என்று கேட்காமல், அதை வாசலிலிருந்து அகற்றலாமா என்று விவாதிப்பது பாதிப் பேச்சாகவே முடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாடே வீட்டுக்குள் இருந்தபோது அந்த எண்ணிக்கை 4,634-க்கு இறங்கியது. 2023-இல் மறுபடியும் 6,443. எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும், மாண்டவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் அல்லது பின்னால் அமர்ந்து சென்றவர்கள். நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழப் பாதி மோட்டார் சைக்கிள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சுமை எவ்வளவு பெரியது என்று புரியும். ஆகவே அம்மாவின் அச்சம் வீண் அச்சம் அல்ல. மகனின் கேள்வியும் வீண் கேள்வி அல்ல.

பினாங்குக்கு வந்த சின்னக் கப்

1958-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற 50 சிசி வண்டியை வெளியிட்டது. பொறியியலைப் பார்த்துக்கொண்டவர் சொய்ச்சிரோ ஹோண்டா. வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவர் தக்கியோ புஜிசாவா. அதுவரை மோட்டார் சைக்கிள் என்றால் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், எண்ணெய் வழியும், கிளட்ச் பிடிக்கத் தெரிய வேண்டும். இந்தப் புது வண்டியில் சேலை கட்டியவர்கூடக் கால் வைத்து ஏறலாம். முன்னால் சேறு படாமல் பிளாஸ்டிக் மறைப்பு. கிளட்ச் பிடி கிடையாது. கியர் மாற்றுவது காலால் மட்டும். மீ சுமந்து செல்லும் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதே ஹோண்டாவின் கணக்காக இருந்தது. 2017-இல் இந்த வகை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. மோட்டார் பொருத்திய வாகனங்களில் உலகில் இதைவிட அதிகமாகச் செய்யப்பட்டது வேறொன்றில்லை.

ஒரு வேடிக்கை. இந்த ஹோண்டா இளைஞராக இருந்தபோது கார்ப் பந்தயப் பித்தர். 1936-இல் தோக்கியோ அருகே நடந்த பந்தயத்தில் அவருடைய கார் இன்னொரு காரில் மோதித் தூக்கி எறியப்பட்டது. அவருக்கும் உடன் இருந்த தம்பிக்கும் பலத்த காயம். அதன் பிறகு அவர் பந்தயம் ஓட்டுவதை விட்டுவிட்டார். உலகத்தையே இரண்டு சக்கரத்தில் ஏற்றியவர், தாம் செய்யும் ஆபத்தான ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டவர்தான். ஆனால் அவர் விட்டது பொழுதுபோக்கு, பிழைப்பை அல்ல. இந்த வேறுபாடு இக்கட்டுரை முழுவதும் கூடவே வரும்.

சூப்பர் கப் வெளிவந்த அதே 1958-இல் ஜப்பானுக்குப் போயிருந்தார் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. சீனாவின் பூஜியான் மாநிலத்தில் 1915-இல் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பேருந்து கழுவி, மெக்கானிக் வேலை கற்று, பிறகு பேருந்துகளுக்கே உரிமையாளர் ஆனவர். அந்தச் சின்ன வண்டியைப் பார்த்தவுடன் மலாயா மக்களுக்கு இதுதான் தேவை என்று கண்டுகொண்டார். ஹோண்டாவின் விநியோக உரிமை அவர் கைக்கு வந்தது. 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிக்கொண்டு 'கப்சாய்' ஆயிற்று என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் இன்றுவரை அது கப்சாய்தான். லோ பூன் சியூ 1995-இல் காலமானார். அதே ஆண்டில் கெடா மாநிலத்தில் மொடெனாஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு குருனில் இருந்து 'கிரிஸ்' என்ற உள்நாட்டு மோட்டார் வெளிவந்தது. இறக்குமதிப் பொருளாக வந்தது தேசியத் தொழிலாகிவிட்டது.

தோட்டத்தில் நடை, வெளியில் மோட்டார்

நம்மவர்களின் கதையில் மோட்டார் சற்றுத் தாமதமாகத்தான் நுழைகிறது. தோட்டப்புற வாழ்க்கையை அறிந்த மூத்தவர்களுக்கு இது தெரியும். விடிவதற்கு முன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு வாளியும் உளியுமாக நிரைக்கு நடக்க வேண்டும். லயம், வேலைக்காடு, கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கும் தூரத்தில். சைக்கிள் இருந்தால் வசதி. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் பெரும்பாலும் கிராணி அல்லது டிரஸ்ஸர். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஓடி வந்து பார்ப்பார்கள். அந்த வாழ்க்கையில் வறுமை இருந்தது, அடக்குமுறை இருந்தது. ஆனால் வேலைக்குப் போகும் வழியில் லாரி அடித்து இறப்பது என்ற பயம் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எஞ்சியவற்றில் பலவும் 1970-களுக்குப் பிறகு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கண் முன்னே உள்ள உதாரணம் புத்ராஜெயா. 1990-களின் நடுவில் அந்த நிர்வாகத் தலைநகர் எழும்பத் தொடங்கிய நிலம் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் நிலம். அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் பகுதி அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. வீடு மாறியது மட்டுமல்ல; வீட்டுக்கும் வேலைக்கும் இருந்த தூரமே மாறிவிட்டது. காவலாளி வேலை ஓர் ஊரில், துப்புரவு வேலை இன்னோர் ஊரில், தொழிற்சாலை வேறோர் ஊரில். காலை ஷிப்டு, இரவு ஷிப்டு என்று நேரமும் பிய்ந்துபோனது. பெரிய தொழிற்சாலைகள் பேருந்து விட்டன. காவலாளிக்கும், டெஸ்பேட்ச் பையனுக்கும், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் யார் பேருந்து விடுவார்கள்?

கோலாலம்பூரில் 1975 முதல் மினி பஸ் ஓடியது. இடிபாடு, நெரிசல், தாறுமாறான வேகம் என்று எல்லாக் குறையும் அதற்கு உண்டு. ஆனாலும் சில காசுக்குச் சந்து பொந்தெல்லாம் புகுந்து ஏற்றிக்கொண்டு போனது. 1998-இல் அது நிறுத்தப்பட்டது. 1995-இல் கேடிஎம் கொம்யூட்டர், 1996-இல் எல்ஆர்டி, 2003-இல் மோனோரயில் என்று ஒன்றன்பின் ஒன்றாக இரும்புப் பாதைகள் வந்தன. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் நம்மவர் குடியிருப்பு இல்லை. குடியிருப்பு இருக்கும் இடத்தில் அரை மணிக்கொரு பேருந்து என்று அட்டவணை சொல்லும், வந்தால் உண்டு. ஆகவே முதல் மாதச் சம்பளத்தில் முன்பணம் கட்டித் தவணையில் கப்சாய் வாங்குவது என்பது ஒரு குடும்பத்தின் ஆசையைவிட அதன் பொருளாதாரத் தீர்மானமாகவே இருந்தது.

பினாங்கில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 1970-களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருந்து தொழிலாளர்கள் கடலுக்கு மேலே மோட்டாரில் போய் வந்தார்கள். காற்றும் மழையும் அடிக்கும் அந்தப் பாலத்தில் கைப்பிடி ஆடாமல் ஓட்டுவதே ஒரு திறமை. நாட்டின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. ஆனால் இந்தப் பாலத்தில் 1 ரிங்கிட் 40 சென் வசூலித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல்தான் அது ரத்தானது. ஏழையின் வாகனம் என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று.

ஒரு லாரன்ஸ், ஒரு மருத்துவர், ஏழு பேர்

மோட்டார் வந்த கதை இதுவரை. அதில் போகும் உயிரைக் காக்க முயன்ற கதை வேறொரு நாட்டில் தொடங்குகிறது.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கக் காட்சி நினைவிருக்கும். கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் பறக்கிறான். மறு கணம் இல்லை. அது கற்பனை அன்று. முதல் உலகப் போரில் அரபுப் பாலைவனத்தில் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தப்பிய டி.இ.லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் தம் வீட்டுக்கு அருகில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். ப்ரோ சுப்பீரியர் என்ற, அக்காலத்தின் மிக விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள் அவருடையது. அந்த நிறுவனத்தின் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாங்கியிருந்தார். எட்டாவதற்குச் சொல்லி வைத்திருந்தார். விட்டுவிடும் எண்ணம் அவருக்கு எள்ளளவும் இருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46. தலையில் கவசம் இல்லை. அன்று எவரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். காப்பாற்ற முடியாமல் போன அந்த ஒரு நோயாளி அவர் மனத்தில் தங்கிவிட்டார் என்று மருத்துவ வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டு வீச்சுக்குப் பயந்து தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வாகன விளக்குகளுக்கு மூடி போடப்பட்டது. இராணுவத் தகவலைச் சுமந்துகொண்டு இளைஞர்கள் இருட்டில் மோட்டார் சைக்கிளில் விரைந்தார்கள். 1941-இல் கெய்ன்ஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும் சாலையில் மாண்டிருந்தனர். தலைக்காயமே பெரும் காரணம். கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்கள் என்று அவரால் பார்க்க முடிந்தது ஏழு பேரைத்தான். அந்த ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்.

ஏழு என்பது ஆய்வுக்குச் சிறிய எண். யாரும் ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். ஆனால் பிரிட்டிஷ் இராணுவம் ஒதுக்கவில்லை. 1941 நவம்பரில், பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வீரர் அனைவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டுகளில் மரண எண்ணிக்கை இறங்கியதைக் கெய்ன்ஸ் 1946-இல் மீண்டும் எழுதிக் காட்டினார். ஆனாலும் பொதுமக்களுக்கு அதைச் சட்டமாக்க பிரிட்டனுக்கு 1973 வரை பிடித்தது. கெய்ன்ஸ் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

மலேசியாவிலும் மோட்டார் சைக்கிள் தலைக்கவச விதிகள் வந்தது அதே 1973-இல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய நாடு செய்து முடித்துப் பல காலம் கழித்து நாம் செய்தோம் என்று இந்த விஷயத்தில் சொல்ல முடியாது. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. மலேசியத் தர நிர்ணயங்களில் 'எம்எஸ் 1' என்ற முதல் எண்ணே தலைக்கவசத்துக்கு உரியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. முத்திரை உள்ள கவசத்தை விட்டுவிட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஓட்டை வாங்கி, தாடைப் பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவது, போலீசுக்காகப் போடும் தொப்பியே தவிரத் தலைக்காகப் போடுவது ஆகாது.

சாலையைத் திருத்தினால் என்ன ஆகும்?

கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே போகிறவர்கள் ஓரத்தில் தனியாக வளைந்து நெளிந்து செல்லும் குறுகிய பாதையைப் பார்த்திருப்பார்கள். 1970-களில் உலக வங்கியின் நிதியோடு அமைந்த மோட்டார் சைக்கிள் தடம் அது. உலகிலேயே இவ்வகையில் முதலாவது என்று சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது நீட்டிக்கப்பட்டபோது, இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகமாக விளங்கும் கல்விக்கூடத்தைச் சேர்ந்த ராடின் உமார் என்ற ஆய்வாளரும் குழுவினரும் விபத்துகளை எண்ணிப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள் விபத்து 39 விழுக்காடு குறைந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஓட்டியவர்கள் அதே ஆட்கள். வண்டி அதே கப்சாய். புத்திமதி எதுவும் புதிதாகச் சொல்லப்படவில்லை. லாரியையும் மோட்டாரையும் பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. "நல்ல வெயில்ல லைட்டா?" என்று அன்று சிரித்தவர்கள் அதிகம். சிரம்பானிலும் ஷா ஆலமிலும் அதே குழு ஆராய்ந்தது. மோட்டார் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்தன என்றார்கள். சாவியைத் திருப்பினாலே விளக்கு எரியும் வண்டிகள் பிறகு வந்துவிட்டன, சிரித்ததையும் மறந்துவிட்டோம்.

கண்ணில் படாததால் என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னொரு வாகனத்தோடு நேர்ந்த மோதல். அந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு, எதிரே வந்த மோட்டாருக்கு வழி விடாமல் மற்ற வாகனம் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. "நான் பார்க்கவே இல்லை" என்பதே கார் ஓட்டியவர்களின் பொதுவான பதில். ஆக, 'மோட்டார்க்காரன் கண்மண் தெரியாமல் வந்திருப்பான்' என்று இறந்தவர் மேலேயே பழியைப் போட்டு எழுந்து போகும் வழக்கத்தை நாம் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம்.

அதே அறிக்கை ஓட்டுபவரையும் விட்டுவைக்கவில்லை. விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ குடும்பத்தார், நண்பர் மூலமாகவோ கற்றவர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. நம் நாட்டில் 16 வயதில் உரிமம் எடுக்கலாம். பயிற்சித் திடலில் குறுகிய பலகைமேல் விழாமல் ஓட்டிக் காட்டினால் பாதி வெற்றி. நெடுஞ்சாலையில் பத்துச் சக்கர லாரியின் பக்கவாட்டில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதை அந்தத் திடலில் கற்க முடியாது. அண்ணன் பழைய மோட்டாரைத் தம்பிக்குக் கொடுக்கும் அந்த முதல் ஐந்து மாதம்தான் ஒரு வீட்டில் மிக ஆபத்தான காலம்.

அரசே சொன்ன இடங்கள்

விடு என்று அரசாங்கமே உத்தரவிட்ட ஊர்களும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரம் 2007 ஜனவரி 1 முதல் மோட்டார் சைக்கிள் ஓடுவதைத் தடை செய்தது. தெருக்கள் அமைதியாயின, சில காலத்தில் மின்கலத்தில் ஓடும் இருசக்கர வண்டிகள் அதே தெருக்களை நிரப்பின. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, நடுவில் தூரமும் இருக்கிறது என்றால் மனிதன் ஏதாவது இரண்டு சக்கரத்தைத் தேடிக்கொள்வான்.

சிங்கப்பூரின் வழி வேறு. அங்கே 1990 மே மாதம் முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் விலை 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் விலையைவிடச் சான்றிதழ் விலை அதிகம் என்ற நிலை. உணவு கொண்டு போய்க் கொடுத்துப் பிழைப்பவருக்கு அது எத்தகைய அடி என்று சொல்ல வேண்டியதில்லை. 2003 ஜூலைக்கு முன் பதிவான பழைய மோட்டார்களுக்கு, புகை மாசைக் காரணம் காட்டி, 2018 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுக்குள் ஒப்படைத்தால் 3,500 வெள்ளி வரை தருவதாக அரசு அறிவித்தது. ஒப்படைக்காதவை 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. விடுவதற்கு நாளும் விலையும் குறித்துக் கொடுத்த அரசு அது. கூடவே அங்கே ரயிலும் பேருந்தும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை மறந்துவிட்டு ஒப்பிடக் கூடாது. அந்தச் சிங்கப்பூருக்கே ஜொகூரிலிருந்து விடிவதற்கு முன் மோட்டாரில் பாலம் கடந்து வேலைக்குப் போகும் மலேசியர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களில் நம்மவர்களும் கணிசமானவர்கள். ஜாக்கெட்டை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, மழைக்கோட்டை இருக்கைக்கு அடியில் திணித்துக்கொண்டு, இரு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் ஓடும் பிழைப்பு.

நம் நாட்டில் மோட்டாரைவிட்டு இறங்கியவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அச்சத்தால் இறங்கியவர்கள் அல்லர். 1994-இல் பெரோடுவா 'கஞ்சில்' கார் வந்தது. 660 சிசி, தவணை கட்டக்கூடிய விலை. அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, நடுவில் ஒரு பிள்ளை நசுங்க, பின்னால் அம்மா கைக்குழந்தையோடு என்று கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த குடும்பங்கள் அந்தச் சின்னக் காருக்குள் நுழைந்தன. உயிர் காத்த சட்டங்களின் பட்டியலில் கஞ்சிலுக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். ஆனால் பழைய மோட்டார் என்ன ஆயிற்று? விற்றவர்கள் குறைவு. படிப்பை முடித்த மகனிடம் சாவி போனது. வீட்டில் மோட்டார் ஓட்டுவோர் எண்ணிக்கை குறையவில்லை. ஓட்டுபவரின் வயதுதான் குறைந்தது.

ஆகவே 'விடுவதா, வேண்டாமா' என்ற கேள்வியை ஒரே மூச்சில் கேட்பதால்தான் பதில் கிடைக்காமல் போகிறது என்று தோன்றுகிறது. முழுதாக விட முடியாதவர் எந்தெந்தப் பயணத்தை விடலாம் என்று கேட்டால் பேச்சு நகரும். பெருநாள் காலத்தில் கிள்ளானிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு மோட்டாரில் ஊருக்குப் போவதை விடலாம். 2001 முதல் போலீசார் 'ஓப்ஸ் சிக்காப்' என்று பெருநாள்தோறும் சாலையில் இறங்கியதன் காரணமே அந்த நாட்களின் சாவு எண்ணிக்கைதான். பள்ளிப் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓட்டுவதை விடலாம். இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் திரும்புவதை விடலாம். நாற்பது வெள்ளி ஓவர்டைம் அதற்கு ஈடாகாது. கனமழையில் ஓட்டுவதை விடலாம்; ஆனால் பாலத்துக்கு அடியில் சாலையோரமாக ஒதுங்கி நிற்பதும் ஆபத்து என்பதை அங்கே கார் புகுந்து மாண்டவர்களின் செய்திகள் சொல்கின்றன. அதற்கென்று கட்டிய கூடாரம் வரை நனைந்துகொண்டு மெதுவாகப் போவதே மேல்.

சில வீடுகளில் விடவே முடியாது. அந்த வீடுகளில் வேறொரு தாளைத் தேடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின்படி, சந்தா செலுத்தும் தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்துக்குள்ளானால் அது வேலையிட விபத்தாகவே கருதப்படும். மருத்துவம், உடல் ஊனத்துக்கான உதவி, இறந்தால் குடும்பத்தாருக்கு ஓய்வூதியம் என்று அதில் வழி உண்டு. முதலாளி சந்தாவைக் கட்டுகிறாரா என்பதைச் சம்பளச் சீட்டில் பார்க்காமல் வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் ஏராளம். குறிப்பாகக் குத்தகையாளரிடம் வேலை செய்யும் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2017 ஜூலையில் காஜாங் எம்ஆர்டி தடம் முழுமையாகத் திறந்தது. மாதம் 50 ரிங்கிட்டுக்கு ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்ற அட்டை உள்ளது; ஒரு மாத பெட்ரோல், எண்ணெய் மாற்றம், டயர் ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகவே வரும். ஆனால் நிலையத்திலிருந்து வீடு இரண்டு மூன்று மைல். இரவு 11 மணிக்கு இறங்கினால் அங்கே பேருந்து இருக்காது. அதனால் பலர் ஒரு பாதித் தீர்மானத்துக்கு வந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து நிலையம் வரை, உள்சாலையில் மட்டும், கப்சாய். நெடுஞ்சாலையை ரயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். எந்த எல்ஆர்டி நிலையத்தின் அடியிலும் காலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிப் பூட்டிவிட்டு, வரிசை வரிசையாக நிற்கும் அந்த வண்டிகளுக்கு நடுவில் இடம் தேடி, ஓட்டமும் நடையுமாகப் படி ஏறிக்கொண்டிருப்பார்கள்.